நாலு மூலையிலும் மஞ்சள்

அந்த சேர் வேணாம் சார், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல ஒக்காருங்க. அதுல ஒக்காந்து வுழுந்தீங்கன்னா அப்பால எம்மேல வருத்தப்படக்கூடாது. செவுத்துல போர்டே இருக்குது பாருங்க, நிர்வாகம் பொறுப்பல்லன்னு. சேருக்கோசரம் எழுதினது இல்ல, ஆனா சேரும் அதுல அடக்கம்.

தெரியுது சார், கோவமா வந்திருக்கீங்க. கோவமா வந்தவர நிக்க வெச்சிப் பேசினா எனக்குத்தான் பாவம். நீங்க இன்சூரன்சு அலெக்ஸ் சார் தானே. பிரம்மதேசம் ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கிற இசைவாணி சிஸ்டரோட வூட்டுக்காரரு. கோயில்ல பாத்திருக்கேன், பூசைக்கு நீங்க எப்பவும் கடைசி பெஞ்சு. நானும் கடைசி பெஞ்சுதான், அதனாலதான் தெரியும். டீ சொல்லியிருக்கேன், வந்துரும்.

சிஸ்டர் எங்கன்னா கேக்கறீங்க? ஆஸ்பத்திரிக்கு போன் போட்டா லீவுன்னு சொன்னாங்களா. சரி, சொல்றேன். அவங்க பேரை நம்ம ஸ்கூல்லருந்து அடிச்சிரணுமா, அடிச்சிரலாம். பேனா இதோ என் பாக்கெட்லயே இருக்குது. ஒரு பேரை அடிக்கறதுக்கு எவ்ளோ நேரம் ஆவப்போவுது. ஆனா உள்ள வந்ததும் நீங்க கேட்ட மொத கேள்வி இன்னா? என் கையெழுத்து இல்லாம எம்பொண்டாட்டிக்கு எப்படிய்யா ஸ்கூட்டி ஓட்டக் கத்துக் குடுத்தேன்னு கேட்டீங்க. அது நாயமான கேள்வி. அதுக்கு பதில் சொல்லாம பேரை மட்டும் அடிச்சா நல்லாருக்காது. நானும் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துறவன். இந்தத் திண்டிவனத்துல சூசைமுத்துன்னா வண்டியவுட கையெழுத்துதான் ஞாபகம் வரும் ஜனங்களுக்கு.

இந்தக் கையெழுத்து வந்த கதைய கேளுங்க. சுருக்கமா சொல்லிடறேன்.

தொண்ணூத்தி மூணு. விழுப்புரம் தனி ஜில்லா ஆச்சே, அந்த வருஷம். ஒரு பழைய பியட்டு வண்டிய வாங்கி போர்டு மாட்டி ஒக்காந்துட்டேன். மொதல்ல வந்தவரு ஒலக்கூர் பக்கத்து ஆளு, நல்ல வசதி. ஸ்டேரிங்க புடிச்சாருன்னா மாட்டோட கொம்ப புடிக்கற மாதிரி புடிப்பாரு. ஒருநாளு ரோட்டோரமா காயப் போட்டிருந்த மல்லாட்டை மேல ஏத்திட்டாரு. கேப்பைக் கதிரா இருந்தா பரவால்ல, வண்டி ஏறினா அவங்களுக்கு சந்தோஷம், அடிக்கற வேலை மிச்சம்னு கும்புடு போட்டு அனுப்புவாங்க. இது மல்லாட்டை. உள்ள இருக்கற கடலை அத்தனையும் நசுங்கிப் போச்சு. காயப் போட்டிருந்த காட்டுக்காரன் வந்து அவரு சட்டைய புடிச்சான். அவரு என்னைக் காட்டறாரு, நான் கத்துக்கறவன், கத்துக் குடுக்கறவரு அதோ ஒக்காந்திருக்காருன்னு. நான் அவரைக் காட்டறேன், ஸ்டேரிங் அவராண்டதானே இருந்துச்சுன்னு. காட்டுக்காரன் ரெண்டு பேரையும் பாத்தான். பொழுது சாயற வரைக்கும் ஒக்காந்து நல்ல மல்லாட்டைய தனியா பொறுக்கிக் குடுத்துட்டுப் போங்கன்னுட்டான். பொறுக்கினோம் சார். முதுகு ஒடைஞ்சி போச்சு.

மறுநாளே விழுப்புரம் கோர்ட்டாண்ட போய் சீனுவாசன் வக்கீலப் பாத்தேன். அவருதான் சொன்னாரு, சேர்றப்பவே ஒரு பாரம் எழுதி வாங்கிடு, நாளைக்கு ஒண்ணு ஆனா ஒம்மேல பாத்தியதை கிடையாதுன்னு அவங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு. நல்ல யோசனைதானே. அவரே எழுதிக் குடுத்தாரு. சுத்தமான கோர்ட்டு தமிழு. இன்னிக்கும் எனக்கு மனப்பாடம். மேற்படி பயிற்சியின்போது எனக்கு மரணமோ அங்கஹீனமோ சம்பவிக்கும் பட்சத்தில், அப்படின்னு ஆரம்பிக்கும்.

நீங்க சிரிக்கறீங்க. இன்சூரன்சுக்காரருக்கு இது ஒடனே புரியும். நீங்க யாரையாவது பாத்து நீ செத்தேன்னாக்கான்னு சொல்லி பாலிசி எழுதியிருக்கீங்களா? ஒரு நல்லது கெட்டதுன்னு வந்தாம்பீங்க. ஒங்களுக்கு அப்புறம் பசங்களுக்கும்பீங்க. நமக்கு அந்தப் பக்குவம் இல்ல. பாரத்த அச்சடிச்சிக் கட்டா வெச்சிட்டேன்.

ஒரு பெரியவரு வந்தாரு. வளர்பிறை புதன்கிழமை, நல்ல நேரம் பாத்து, தட்டுல தேங்கா பழம் வெத்தலை பாக்கு. மவன கூட்டிக்கினு வந்திருக்காரு. நான் சாமிய கும்புட்டுட்டு பாரத்த நீட்டறேன். மொத வரியில மரணம். தட்ட தூக்கினாரு பாருங்க, தேங்காயக் கூட வெச்சிட்டுப் போவல. நாம வெளிய கெளம்பறப்போ போறேன்னு சொல்றோமா? போய்ட்டு வர்றேங்கறோம். வெளக்க அணைன்னு சொல்ல மாட்டோம், குளிர வைம்போம். அப்பேர்ப்பட்ட ஊர்ல, நல்ல நேரத்துல வந்து ஒக்காந்தவராண்ட சாவப் பத்தி எழுதி இதுல கையெழுத்து போடுன்னு நீட்டியிருக்கேன். சரி, நம்ம கோயில் ஆளுங்களாவது போடுவாங்கன்னு பாத்தேன். அவங்க செலுவ போட்டுக்கினு எழுந்து போனாங்க.

அந்த மாசம் பூரா ஈ ஓட்டினேன். வண்டி ஓட்ட ஆளு இல்ல.

சரின்னு மரணத்த எடுத்துட்டு அசம்பாவிதம்னு போட்டேன். ஒருத்தரு அப்படின்னா இன்னாங்கன்னு கேட்டாரு. அர்த்தம் சொன்னேன். போய்ட்டாரு. அதையும் எடுத்துட்டு ஏதாவது ஒண்ணு ஆனான்னு போட்டேன். ஏதாவது ஒண்ணுன்னா இன்னா ஒண்ணுன்னு இன்னொருத்தரு கேட்டாரு. நான் வாயால சொல்லல சார், கொஞ்சம் மேல பாத்தேன், அவ்ளோதான். அவரும் மேல பாத்தாரு. எழுந்துட்டாரு.

இருங்க, போனு. ஒண்ணும் இல்ல, மிஸ்டு காலு. எங்கூட்டுக்காரிதான், அமல்ராணி. ஒரு ரிங்கு வுட்டு கட் பண்ணிட்டா. எடுக்கத் தேவையில்ல, அவ அப்படித்தான். ரெண்டு தடவ வந்தா பாக்கலாம்.

எங்க வுட்டேன்? ஆங், பாரம். அமல்ராணிதான் அதுக்கு வழி கண்டுபுடிச்சா. கேப்பைக் களி கிண்டிக்கினே சொன்னா, துடுப்ப கூட கீழ வெக்கல. எழுதிக்கோ, எல்லாம் நல்லபடியா நடக்கும், நடக்கலன்னா ஒக்காந்து பேசிக்கலாம், அவ்ளோதான் பாரம்னா. மேல கொஞ்சம் எடம் வுட்டுடு, புள்ளையார் சுழி போடறவங்க சுழி போட்டுக்கட்டும், செலுவ போடறவங்க செலுவ போட்டுக்கட்டும்னா. நாலு மூலைக்கும் மஞ்சளத் தடவுன்னா. தடவினேன் சார். அதுக்கு அப்பால ஒருத்தராவது கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லணுமே. சில பேரு நல்லாருக்குதேன்னு இன்னொரு காப்பி கேட்டு வாங்கிப் போனாங்க.

வக்கீலாண்ட கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடிய கழட்டி தொடச்சிட்டு மறுபடியும் படிச்சாரு. யோவ் சூசை, இது பத்திரமா கல்யாணப் பத்திரிகையான்னாரு. இதுல கையெழுத்து வாங்கறதுக்கு மொய் வாங்கலாம்யான்னாரு. கோர்ட்ல இது நிக்குமான்னா, நிக்காது, ஒக்காரக்கூட ஒக்காராதுன்னாரு. ஆனா அவரு நல்ல மனுசன், இன்னொண்ணும் சொன்னாரு. நான் எழுதிக் குடுத்ததும் ஓரளவுக்குத்தான்யா, ஒன் வண்டில பிரேக்கு புடிக்கலன்னா ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி வெச்சிருந்தாலும் ஒன்ன யாரும் காப்பாத்த முடியாது, மொதல்ல பிரேக்க பாருன்னாரு. சின்னப் பசங்க கையெழுத்து செல்லவே செல்லாது, அவங்களுக்கு அப்பன் ஆத்தா போட்டாலும் ரோசனைதான்னாரு. அன்னிக்கே பியட்டுல நான் ஒக்கார்ற பக்கமும் ஒரு பிரேக்கு வெச்சேன். இன்னி வரைக்கும் தெனம் காலைல பிரேக்க அமுக்கிப் பாத்துட்டுத்தான் ஊதுபத்தி ஏத்தறது. சிஸ்டர் ஓட்டற ஸ்கூட்டியும் அப்படித்தான். அத நீங்க மனசுல வெச்சிக்கோங்க.

வர்றேன் சார், ஒங்க கையெழுத்துக்குத்தான் வந்துக்கினு இருக்கேன். ஜல்தியா சொல்லுன்னா ஜல்தியா வராது இந்தக் கதை.

லேடீஸ் கிளாசு ஆரம்பிச்சது எங்கூட்டுக்காரி. எனக்கு அதுல சம்பந்தமே இல்ல. ஸ்கூட்டி வந்த புதுசுல அவளே கத்துக்கினா. கத்துக்கினு என்னைப் பின்னாடி ஒக்காருன்னா. ஒக்காந்தேன். மயிலம் ரோட்ல போறோம். சார், நான் ஊருக்கே வண்டி கத்துக் குடுக்கறவன். எனக்கு அன்னிக்கு உயிரே இல்ல. வண்டி போவுது, எங்காலு ரெண்டும் தரையில தேய்ஞ்சிக்கினே வருது. நான் வேணும்னு வெக்கல, அதுவா எறங்குது. செருப்பு அடி பூரா தேய்ஞ்சி போச்சு. அவ ஓரமா நிறுத்தி எறங்குன்னா. நீ எம்பின்னாடி ஒக்காந்து வர்றியா, இல்ல என்னைப் புடிச்சி நிறுத்த வர்றியான்னா. நடந்து வந்தேன்.

அவகிட்ட பொம்பளைங்க கத்துக்க வந்தாங்க. நான்தான் பயந்துக்கினு, லேடீசுக்கு மட்டும் வூட்டுக்காரரு கையெழுத்து வேணும்னு ஒரு ரூல் போட்டேன். நீங்க சொல்ற ரூல்தான். இருந்துச்சு சார், நான் இல்லன்னு சொல்லல. நாளைக்கு புருசங்காரன் வந்து நிக்கக்கூடாதில்ல, அதுக்குத்தான். ரொம்ப நாளு அந்த ரூல்லதான் ஓடுச்சு.

அப்பதான் சின்னபொண்ணு டீச்சர் வந்தாங்க. பெருமுக்கல் பக்கம் ஸ்கூலு. மலை மேல கோயிலுக்கு ஏறினாக்கூட மூச்சு வாங்காது, அப்பேர்ப்பட்ட தெம்பு. அவங்க வூட்டுக்காரரு வந்து கையெழுத்து போட்டாரு. நல்லாத்தான் ஓட்டினாங்க. ஒருநாளு ஏரிக்கரையோரமா போறப்ப எதிர்ல எருமை. பிரேக்க புடிக்கறதுக்கு ஆக்சிலேட்டர முறுக்கிட்டாங்க. வண்டி கரை மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கி நேரா தாமரைக்குள்ள போய் நின்னுச்சு. அடி ஒண்ணும் இல்ல, இடுப்பளவு தண்ணிதான். எருமை நின்ன எடத்துலயே நின்னு பாத்துக்கினு இருந்துச்சாம்.

வூட்டுக்காரரு வந்தாரு பாருங்க, நீங்க வந்த மாதிரியே. கையில பாரத்தோட காப்பி. நான் முடிஞ்சோம்னு நெனச்சேன். கோர்ட்ல நிக்காத பாரம், வக்கீலே சொல்லிட்டாரு. அவரு படிக்கறாரு, நடக்கலன்னா ஒக்காந்து பேசிக்கலாம்னு போட்டிருக்குது, பேசு இப்பன்னு ஒக்காந்தாரு. நீங்க ஒக்காந்திருக்கற சேருதான். பேசினோம் சார். மொதல்ல கத்தினாரு. அப்பால டீ வந்துச்சு. அப்பால எருமை யாருதுன்னு பேசினோம். அப்பால அவரே, எனக்கே சைக்கிளுக்கு மேல எதுவும் வராது, அதான் பயமா இருந்துச்சுன்னு மெதுவா சொன்னாரு. ரெண்டு பேரும் சமாதானம் ஆயி நான் அவரு கையப் புடிச்சிக்கினு இருக்கேன், டீச்சர் உள்ள வர்றாங்க. பொடவ நனைஞ்சி முடியில பாசி. எங்க ரெண்டு பேரையும் பாத்து ஒண்ணு கேட்டாங்க. கையெழுத்து போட்டது அவரு, கையெழுத்து வாங்கினது நீங்க, தண்ணில வுழுந்தது நானு, என்னாண்ட யாராவது ஒரு வார்த்த பேசினீங்களான்னு.

அமல்ராணி பின்னாடியே நின்னுக்கினு இருந்தவ, பாரத்துல வூட்டுக்காரரு கையெழுத்துன்னு இருந்த எடத்தயெல்லாம் கட்டோட எடுத்து அடிச்சா. ஓட்டறவங்கதான் போடணும்னா. அன்னிலருந்து அதான் ரூலு. அவரு இன்னா ஆனாரா? அந்த டீச்சர் வூட்டுக்காரரு அடுத்த மாசமே நம்மளாண்ட கார் கிளாசுல சேந்துட்டாரு. இப்ப அவரு வண்டி எடுத்தா டீச்சர் பக்கத்துல ஒக்காந்து கண்ண மூடிக்குறாங்களாம்.

டீ வந்துருச்சு, குடிங்க. சூடு பாத்து. சூட்டுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.

ஆக, ஒங்க கையெழுத்து இல்லாததுக்குக் காரணம் இதான். இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. சிஸ்டர் ஓட்டறது ஏன் வேணாங்கறீங்க?

தெனம் நான்தானே கொண்டுபோய் வுடறேங்கறீங்க. வுடறீங்க, இல்லன்னு யாரு சொன்னா. ஒங்களுக்கு பாலிசி எடுக்கற பார்ட்டிய பாக்கப் போவணும், அவங்கள வுட்டுட்டு வர்றதுக்குள்ள பார்ட்டி வேலைக்கு போயிடறான். அந்தக் கோவத்துல வேலையே வேணாம் வுட்டுடுன்னு சொல்லிட்டீங்களாமே. பஸ்ஸுல போனா ஒரு பஸ்ஸ வுட்டா அடுத்தது எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது. அவங்க எப்படித்தான் போவாங்க. இந்த ரூம்புல ஒக்காந்து அழுதாங்க சார். சத்தம் இல்லாம அழுதாங்க. வேலைய வுட மாட்டேன், அவரையும் வுட மாட்டேன், நடுவுல இந்த வண்டிதான் ஒரே வழின்னாங்க.

இன்னா? பைபாஸ்ல லாரியா.

அதச் சொல்லுங்க தம்பி. அத மொதல்லயே சொல்லியிருந்தா எருமைக்கே வந்திருக்க மாட்டேன். பயமா இருக்குதுன்னு சொல்லுங்க, அதுல ஒண்ணும் கொறஞ்சி போயிடாது. நீங்க ஊரு பயத்தையெல்லாம் வித்துட்டு வர்றீங்க, ஒங்க பயத்த மட்டும் விக்க முடியாம வூட்லயே வெச்சிக்கினு இருக்கீங்க. எனக்குத் தெரியாதா. மயிலம் ரோட்ல என் செருப்பு தேய்ஞ்ச மாதிரிதான் இது. பைபாஸ குறுக்க கடக்கறத மட்டுமே அமல்ராணி ஒரு மாசம் சொல்லிக் குடுத்திருக்கா. எறங்கி, தள்ளிக்கினு, ரெண்டு பக்கமும் பாத்து. சிஸ்டர் மாதிரி நெதானமா ஓட்டறவங்கள நான் இத்தன வருஷத்துல பாத்ததில்ல. ஹாரன் அடிச்சாக்கூட எதிர்ல வர்றவன் மனசு நோவாம அடிப்பாங்க.

இருங்க, போனு.

கட் ஆயிடுச்சு. மறுபடியும் வருது பாருங்க. ஆங், இதுவும் கட். ரெண்டு. சரி, ஆச்சு.

ஒண்ணும் இல்ல தம்பி, டீய குடிச்சிட்டு சொல்றேன். சிஸ்டர் சேர்ற அன்னிக்கு பாரத்த முழுசா படிச்சாங்க. கையெழுத்து போடறதுக்கு முன்ன ஒண்ணு கேட்டாங்க, ஒக்காந்து பேசிக்கலாம்னு போட்டிருக்குதே, எங்கூட்டுக்காரராண்ட யாரு ஒக்காந்து பேசுவீங்கன்னு. அமல்ராணி யோசிக்கவே இல்ல, அதோ ஒக்காந்திருக்குதே, பேசறதுக்குன்னே பொறந்ததுன்னு என்னைக் காட்டிட்டா. அப்பவே முடிவாயிடுச்சு, நீங்க என்னிக்கு வந்தாலும் ஒங்களாண்ட பேசறது எம்பொறுப்புன்னு. இந்த ஸ்கூல்ல நிர்வாகம் பொறுப்பெடுத்துக்கினது அது ஒண்ணுதான்.

அவங்க எல்எல்ஆர் இந்த வாரத்தோட முடியுது. ஒங்க வண்டி இன்னிக்கு சர்வீசுக்குப் போவுதுன்னு தெரிஞ்சுதான் இன்னிக்கே டெஸ்டுக்கு வரேன்னாங்க. ஷேர் ஆட்டோலதானே வந்தீங்க? அதான். ஆர்டிஓ கிரவுண்டுக்கு நீங்க நேரா போயிருந்தீங்கன்னா அத்தன பேரு எதிர்ல கையப் புடிச்சி இஸ்துக்கினு வந்திருப்பீங்க, அப்பால ராத்திரி பூரா அதுக்கோசரம் நீங்களே தூங்காம கெடந்திருப்பீங்க. ஒரு மிஸ்டு காலுன்னா வரிசையில நிக்கறாங்கன்னு அர்த்தம். ரெண்டுன்னா பிரேக் இன்ஸ்பெக்டரு எதிர்ல எட்டு போட்டு பாஸாயிட்டாங்கன்னு அர்த்தம்.

ஒக்காருங்க தம்பி, ஒக்காருங்க. ஐயோ, அந்த சேர்ல இல்ல, அது ஆடும்னு சொன்னேனே.

இப்ப இங்கதான் வர்றாங்க. இங்க வரைக்கும் அமல்ராணி பின்னாடி ஒக்காந்து வருவா. லைசென்சு கைக்கு வர்ற வரைக்கும், லைசென்சு இருக்கற ஒருத்தரு கூட ஒக்காந்துதான் அவங்க ஓட்டணும்னு நம்ம ஸ்கூலு ரூலு. ஒங்களாண்ட லைசென்சு இருக்குது. ஒங்களுக்கு வண்டியும் இல்ல. அவரு இங்க வந்தாருன்னா வூட்டுக்கு இதுலயே கூட்டிக்கினு போயிடறேன்னு சிஸ்டர் காலைலயே சொல்லிட்டுத்தான் போனாங்க. ஸ்கூல் வண்டிதான், நாளைக்குக் கொண்டாந்து வுட்டா போதும்.

அதோ, திரும்பறாங்க பாருங்க. இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பறாங்க. நம்மூர்ல யாரு தம்பி இண்டிகேட்டர் போடறாங்க.

கண்ணத் தொடச்சிக்கோங்க, தூசிதான். இந்தாங்க, ஒரு சின்ன பாரம். பின்னாடி ஒக்கார்றவங்களுக்கு. இது சிஸ்டரே எழுதினது, மஞ்சளும் அவங்கதான் தடவினாங்க. பயப்படாதீங்க, சாவு கீவுன்னு எதுவும் இல்ல. எல்லாம் நல்லபடியா நடக்கும், நடக்கலன்னா வூட்ல போய் ஒக்காந்து பேசிக்கலாம், அவ்ளோதான். கீழ ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்காங்க. பயமா இருந்தா அவங்கள புடிச்சிக்கலாமாம், காலை மட்டும் கீழ தேய்க்கக்கூடாதாம். பேனா எழுதலன்னா ஒரு ஒதறு ஒதறிட்டுப் போடுங்க.